இணையம் வழி ஆடை வணிகம் – ஒரு சிறு ஆய்வு

முன்னுரை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த ஆடையை நம் பாட்டிமார் எவ்வாறு வாங்கினார்கள்? கடைக்குச் சென்று பாயில் அமர்ந்தார்கள். துணியை விரித்துக் காட்டச் சொன்னார்கள். இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். வாசல் வெளிச்சத்தில் பிடித்து நெசவின் நெருக்கத்தை நோக்கினார்கள். சாயம் போகுமா என்று நான்கு முறை கேட்டார்கள். அதன் பின்னரே முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்தார்கள்.

இன்றோ, கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்க்கிறோம். விரலால் ஒரு முறை தொடுகிறோம். சில நாட்களில் ஆடை வீட்டு வாசலுக்கு வந்து விடுகிறது. தொட்டுப் பாராமலே வாங்கும் இந்த வணிகம் எதன் பலத்தில் நடக்கிறது? இக்கேள்விக்கு விடை காண்பதே எங்கள் கட்டுரையின் நோக்கம்.

எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை, "உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு தொழிலை அருகிலிருந்து பார்த்து எழுதி வாருங்கள்" என்று செயல்திட்டம் ஒன்று கொடுத்தார்கள. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் மதுரையில் தம் வீட்டிலிருந்தே இணையம் வழியாக ஆடை விற்று வருகிறார்கள். ஐந்து பேர் கொண்ட எங்கள் குழு அக்கடையையே தேர்ந்தெடுத்தது. நாங்கள் கண்டதையும், செய்த பிழையையும், கற்ற பாடத்தையும் இங்கே தருகிறோம்.

வீட்டிலிருந்து வாங்கும் வழக்கம்

கடைக்குப் போகாமல் பொருள் வாங்குவது முற்றிலும் புதிய வழக்கம் அன்று. விளம்பரத்தைப் பார்த்துக் கடிதம் எழுதி, தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பார்சலைப் பெற்றுக் கொள்ளும் வி.பி.பி. முறையை நம் தாத்தாமார் நன்கு அறிவார்கள்.

கணினி வழியே பொருள் வாங்கும் முறைக்கு வித்திட்டவர் இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த மைக்கேல் ஆல்டிரிச் என்பவர். 1979ஆம் ஆண்டில் அவர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தொலைபேசிக் கம்பி மூலம் கணினியுடன் இணைத்துக் காட்டினார். 1984ஆம் ஆண்டில் அந்நாட்டின் கேட்ஸ்ஹெட் என்னும் ஊரில் இம்முறை முதியோருக்கு உதவும் பொருட்டுப் பயன்படுத்தப்பட்டது. ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயது மூதாட்டி நாற்காலியில் அமர்ந்தபடியே மார்கரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆகியவற்றை வாங்கினார். கடைக்கு நடக்க இயலாத ஒரு பாட்டிக்கு உதவியாகத் தொடங்கிய முறையே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது என்று அறிந்தபோது நாங்கள் வியப்படைந்தோம்.

நாங்கள் கண்ட கடை

கடை என்றவுடன் கண்ணாடி அலமாரியும் பெயர்ப்பலகையும் நம் கண்முன் வரும். நாங்கள் சென்ற கடையில் அவை இல்லை. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று, ஒரு தையல் இயந்திரம், துணி வெட்டும் மேசை, ஜன்னலோரம் தொங்கும் ஒரு ஹேங்கர், ஒரு கைப்பேசி. இவ்வளவுதான் கடை.

தோழியின் தந்தையார் 2023ஆம் ஆண்டில் வேலை இழந்தபோது அவள் தாயார் இத்தொழிலைத் தொடங்கினார்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் படம் போடுவார்கள். ஆர்டர் வந்ததும் தைத்துக் கூரியரில் அனுப்புவார்கள். விற்பவை சுங்குடித் துணியில் தைத்த குர்த்திகள், சுருக்குப் பைகள், தலைமுடி கட்டும் ஸ்க்ரன்ச்சிகள் ஆகியவை.

சுங்குடியைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். அது எங்கள் மதுரையின் பெருமை. சௌராஷ்டிர மக்கள் வழிவழியாகச் செய்து வரும் கலை. துணியில் சிறு சிறு முடிச்சுகளை நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாது. உலர்ந்தபின் அவிழ்த்தால் புள்ளிகள் தோன்றும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் வேண்டும். மதுரைச் சுங்குடி 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் இன்று விற்பனையாகும் சுங்குடிகளில் பெரும்பாலானவை கைமுடிச்சு அல்ல. மெழுகு அச்சினாலும் பிற அச்சு முறைகளாலும் புள்ளி இடப்பட்டவை. அச்சுத் துணியும் நல்ல பருத்தித் துணியே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல, விலையும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் நாங்கள் ஒரு பாடம் கற்க நேர்ந்தது.

கையின் வேலையைச் சொல் செய்கிறது

இணையக் கடையில் வாங்குபவர் துணியைத் தொட முடியாது. ஆகவே அவருடைய கையும் கண்ணும் செய்ய வேண்டிய வேலையை விற்பவருடைய படமும் சொல்லும் செய்ய வேண்டும். அத்தாயார் கடைப்பிடிக்கும் முறைகளைக் கீழே தருகிறோம்.

படம்: காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுக்க வேண்டும். விளக்கொளியில் எடுத்தால் நிறம் மாறித் தோன்றும். முன்புறம், பின்புறம், தையல் ஓரம், துணியின் நெருக்கமான தோற்றம் என நான்கு படங்களாவது வேண்டும். பிறர் கடைப் படத்தை எடுத்துப் போடுவது திருட்டுக்கு ஒப்பாகும். பெண் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை அவர்கள் போடுவதில்லை. ஹேங்கரில் மாட்டியே எடுக்கிறார்கள்.

அளவு: 'மீடியம்', 'லார்ஜ்' என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரு கடையின் மீடியம் மற்றொரு கடையின் லார்ஜாக இருக்கும். மார்புச் சுற்றளவு, தோள் அகலம், நீளம், கை நீளம் ஆகியவற்றை அங்குலத்தில் எழுத வேண்டும்.

துவைப்பு: பருத்தித் துணி சுருங்கும் தன்மையுடையது. எனவே துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுகிறார்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒட்டினால், "முதல் சில முறை தனியே துவைக்கவும்" என்று மறைக்காமல் எழுதுகிறார்கள்.

இனி எங்கள் பிழையைச் சொல்லுகிறோம். நாங்கள் உதவியாகச் சில குர்த்திகளுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தோம். அழகாக இருக்கட்டும் என்று எண்ணி, மெழுகு அச்சுத் துணி ஒன்றுக்கு "மதுரைக் கைமுடிச்சுச் சுங்குடி" என்று எழுதி விட்டோம். தோழியின் தாயார் வேலை நெருக்கடியில் அதைக் கவனிக்கவில்லை. கோவையைச் சேர்ந்த ஓர் அம்மையார் அதனை வாங்கினார். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது: "அம்மா, நான் கைமுடிச்சுச் சுங்குடி கட்டி வளர்ந்தவள். அதில் ஒரு புள்ளி போல் மற்றொன்று இராது. முடிச்சு இருந்த இடம் கைக்குத் தட்டுப்படும். நீங்கள் அனுப்பியது அச்சுத் துணி. துணியில் குறையில்லை, சொல்லில்தான் குறை."

அதைப் படித்தபோது எங்கள் முகங்கள் வாடின. "அவ்வளவு தூரத்தில் இருப்பவர், இத்துடன் விட்டு விடுவார்" என்று எங்களுள் ஒருத்தி மெல்லச் சொன்னாள். தோழியின் தாயார் எங்களைக் கடிந்து கொள்ளவில்லை. "பிள்ளைகளா, அவங்க தொட்டுப் பார்க்காம நம்ம சொல்லை நம்பித்தானே பணம் கொடுத்தாங்க? அப்ப நம்ம சொல்லுதான் நம்ம சரக்கு. அது கிழிஞ்சா எதைத் தைச்சு என்ன பயன்?" என்றார்கள். அன்றே முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பினார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். எல்லாப் படங்களின் கீழும் "மெழுகு அச்சு" என்று எங்களைக் கொண்டே திருத்தி எழுதச் செய்தார்கள். அந்த வாரம் அவர்களுக்கு நேர்ந்த நஷ்டம் எங்களால் நேர்ந்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை.

கணக்கு நோட்டு சொன்ன உண்மை

வாங்குபவரிடம் உண்மை பேசினால் மட்டும் போதாது. நம் கணக்கிலும் உண்மை வேண்டும். இதனை நாங்கள் கணக்கு நோட்டைப் பார்த்தபோது உணர்ந்தோம். ஒரு குர்த்திக்கு அத்தாயார் எழுதியிருந்த செலவு இது:

துணி, இரண்டரை மீட்டர் – ரூ. 350
நூல், பொத்தான், உட்துணி – ரூ. 30
உறை, சீட்டு – ரூ. 15
கூரியர் கட்டணம் – ரூ. 70
ஆக மொத்தம் – ரூ. 465

விற்ற விலை ரூ. 600. எனவே ஒரு குர்த்திக்கு ரூ. 135 லாபம் என்று எழுதியிருந்தார்கள். வாரத்திற்குப் பத்து விற்றால் ரூ. 1,350. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அப்பொழுது எங்கள் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்கள்: "தைத்தவர் யார்? அவருக்குக் கூலி எங்கே?"

நாங்கள் திகைத்தோம். வெட்டுவதற்கும் தைப்பதற்கும் படம் எடுப்பதற்கும் கட்டி அனுப்புவதற்கும் ஒரு குர்த்திக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. அதே குர்த்தியைத் தைக்கத் தெருமுனைத் தையற்காரர் ரூ. 200 கேட்கிறார். அதைச் சேர்த்தால் அடக்க விலை ரூ. 665. ரூ. 600க்கு விற்றால் ஒவ்வொன்றிலும் ரூ. 65 நஷ்டம்! அந்த ரூ. 135 லாபம் அன்று. அது குறைந்த கூலி. மணிக்கு ரூ. 45 மட்டுமே. மின்சாரம், கைப்பேசிக் கட்டணம் ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை.

"வீட்டு வேலையோட வேலையாச் செய்யறதுதானே, அதுக்குப் போய்க் கூலியா?" என்று அத்தாயார் சிரித்தார்கள். ஆனால் கணக்கை ஒரு முறை பார்த்தபின் வெகு நேரம் பேசவில்லை. நம் இல்லங்களில் தாய்மார் செய்யும் உழைப்பை நாம் எத்தனை முறை கணக்கில் சேர்க்காமல் விட்டு விடுகிறோம்!

எல்லோருமாகக் கலந்து பேசி விலையை ரூ. 720 ஆக்கினார்கள். வாங்குவோர் குறைவார்கள் என்ற அச்சம் இருந்தது. அவ்வாறே வாரத்திற்குப் பத்தாக இருந்த ஆர்டர் ஏழாகக் குறைந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ரூ. 720இல் ரூ. 465 போக மீதி ரூ. 255. ஏழு குர்த்திகளுக்கு ரூ. 1,785. முன்பு 30 மணி நேரம் உழைத்து ரூ. 1,350, இப்போது 21 மணி நேரம் உழைத்து ரூ. 1,785. மணிக்கு ரூ. 85. மிஞ்சிய நேரத்தில் வெட்டுத் துணிகளிலிருந்து ஸ்க்ரன்ச்சியும் சுருக்குப் பையும் தைக்கிறார்கள். அதிகம் விற்பவரே அதிகம் சம்பாதிப்பவர் என்று நாங்கள் எண்ணியிருந்தது தவறு என்று அறிந்தோம்.

மற்றொரு செலவும் உண்டு. அளவு சரியில்லை என்று ஒரு பார்சல் திரும்பி வந்தால் போக ரூ. 70, வர ரூ. 70, ஆக ரூ. 140 வீண். கூலி போக ஒரு குர்த்தியில் நிற்கும் உண்மையான லாபம் ரூ. 55 மட்டுமே. எனவே ஒரு பார்சல் திரும்பினால் ஏறக்குறைய இரண்டரை குர்த்திகளின் லாபம் போய் விடுகிறது. அங்குலக் கணக்கைச் சரியாக எழுதுவது ஒழுக்கம் மட்டுமன்று, சிக்கனமும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

சட்டம் சொல்வது

வீட்டில் நடக்கும் கடைதானே என்று சட்டத்தை மறக்கலாகாது. நாங்கள் கற்றவற்றுள் முக்கியமானவை:

ஒன்று: 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய இயலாது. ஆகவே நம் வயதுப் பெண்கள் தம் பெயரில் கடை நடத்த முடியாது. பெரியவர் பெயரில் நடக்கும் கடைக்கு உதவலாம், கற்றுக் கொள்ளலாம்.

இரண்டு: 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. விற்பவரே வாங்கியவர் போல் நடித்துத் தம் கடையைப் புகழ்ந்து எழுதவும் கூடாது. நாங்கள் செய்த பிழைக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது பெருந்தன்மை என்று எண்ணியிருந்தோம். அது கடமை என்று இவ்விதியைப் படித்தபோது தெரிந்தது.

மூன்று: ஜி.எஸ்.டி. வரி. தமிழ்நாட்டிற்குள் மட்டும் பொருள் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பெரிய இணையச் சந்தைகள் வழியே விற்போருக்கு முன்பு இச்சலுகை கிடையாது. 2023 அக்டோபர் 1 முதல், ஒரே மாநிலத்திற்குள் விற்கும் சிறு வணிகருக்கு நிபந்தனைகளுடன் கிடைத்துள்ளது. வெளிமாநிலத்திற்கு விற்பதானால், சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, சிறு வணிகரும் பதிவு செய்ய வேண்டும். இதனால்தான் பெங்களூரிலிருந்து வந்த ஆர்டர் ஒன்றைத் தோழியின் தாயார் ஏற்கவில்லை. "ஆடிட்டரைக் கேட்டுப் பதிவு செஞ்ச பிறகு அனுப்புவோம்" என்றார்கள்.

நான்கு: சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு இணையதளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஏமாறாதிருக்க

விற்பவர் மட்டுமே ஏமாற்றுவார் என்பதில்லை. பணம் அனுப்பியதாகப் பொய்ப் படம் காட்டிப் பொருளைப் பறிப்பவர்களும் உண்டு. வங்கிக் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்த பின்னரே பார்சலை அனுப்ப வேண்டும். மேலும், யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, செலுத்துவதற்கே தேவை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அவர் ஏமாற்றுக்காரர் என்று அறிக. இணைய மோசடிக்கு 1930 என்ற எண்ணிலும், வாங்கிய பொருள் பற்றிய குறைக்கு 1915 என்ற எண்ணிலும் முறையிடலாம். பெற்றோர் இவ்விரு எண்களையும் வீட்டில் எழுதி வைத்துக் கொள்வது நலம்.

வாங்குவோரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டவை. அவற்றைப் பிறருக்குக் கொடுப்பதும் நம்பிக்கைத் துரோகமே.

அகலக்கால் வேண்டாம்

சிறு கடை வெகு விரைவில் பெரிதாக வேண்டும் என்ற ஆசை எவருக்கும் எழும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. சோபியா அமோருசோ என்ற இளம்பெண் 2006ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பழைய ஆடைகளைத் தேடி வாங்கி, தாமே படம் எடுத்து ஈபே தளத்தில் விற்கத் தொடங்கினார். 'நாஸ்டி கேல்' என்ற அக்கடை சில ஆண்டுகளிலேயே கோடிக்கணக்கான டாலர் விற்பனை கண்டது. ஆனால் வளர்ச்சியோடு செலவும் வளர்ந்தது. 2016ஆம் ஆண்டில் அந்நிறுவனம் திவால் மனு கொடுக்க நேர்ந்தது. ஒற்றை அறையில் தொடங்கியவரின் துணிவு நாம் போற்றத்தக்கது. அகலக்கால் வைத்ததன் விளைவு நாம் அஞ்சத்தக்கது.

முடிவுரை

தொட்டுப் பாராமல் வாங்கும் வணிகம் எதன் பலத்தில் நடக்கிறது என்ற கேள்வியுடன் தொடங்கினோம். விற்பவர் சொல்லின் பலத்தில் நடக்கிறது என்பதே நாங்கள் கண்ட விடை. வாங்குபவரிடம் துணியைப் பற்றிய உண்மை. கணக்கு நோட்டில் உழைப்பைப் பற்றிய உண்மை. அரசிடம் விற்பனையைப் பற்றிய உண்மை. இம்மூன்றும் சேர்ந்தே கடை. கைப்பேசியும் படமும் கூரியரும் அதன் கருவிகளே.

செயல்திட்டத்தை ஒப்படைத்த சில நாட்களுக்குப் பின் கோவை அம்மையாரிடமிருந்து மீண்டும் ஒரு செய்தி வந்தது. "பணம் கிடைத்தது. இப்போது 'மெழுகு அச்சு' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். என் இரு பேத்திகளுக்கு அதே துணியில் குர்த்தி வேண்டும். அளவு அனுப்புகிறேன்" என்றிருந்தது.

தோழியின் தாயார் அதை எங்களிடம் காட்டி, "விளக்கம் எழுதினவங்களே பொத்தான் கட்டுங்க" என்றார்கள். அந்த இரு குர்த்திகளுக்கும் பொத்தான் கட்டியவர்கள் நாங்களே. தோழியரே, நாளை நம்முள் பலர் சொந்தமாகத் தொழில் தொடங்கக் கூடும். அப்பொழுது நம் கடையின் முதல் சரக்கு நம் சொல் என்பதை மறவாதிருப்போமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி